பத்து மணிக் கட்டம்

இன்று காலை பத்து மணிக்குக் கைபேசி மணி அடித்தது. தொலைவில் எங்கோ கோயில் மணி அடிப்பது போன்ற ஓசை. புனேயில் வேலை பார்க்கும் என் மகள் லீனா தேர்ந்தெடுத்து வைத்தது. ரத்த அழுத்த மாத்திரைக்கான நினைவூட்டல். திரையில் ஒரு கேள்வி, ‘மாத்திரை எடுத்தாச்சா?’ அதன் கீழே பச்சையாக ஒரு கட்டம். தொட்டால் டிக் விழும், விழுந்த நொடியில் புனேயில் அவள் கைபேசியிலும் அது தெரியும். தொட்டேன். டிக் விழுந்தது. மாத்திரை மட்டும் அலமாரியில், அட்டையில், தன் வெள்ளிக் குழிக்குள் பத்திரமாக இருந்தது.

முதலில் டிக், அப்புறம் மாத்திரை. ஐம்பதைத் தாண்டியும் கை இப்படித்தான் போகிறது. தலை நரைத்த அளவுக்குக் கை நரைக்கவில்லை.

இந்தக் கையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு லேத் மெஷினுக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்த வேண்டும். அங்கே முதலில் வாசனை வரும். மெஷினைக் குளிர வைக்கும் கூலண்ட்டின் வாசனை, திரிந்த பாலில் சோப்புக் கட்டியைக் கரைத்த மாதிரி இருக்கும். எத்தனை தேய்த்தாலும் நக இடுக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். லீனா குழந்தையாக இருந்தபோது அப்பா என்பதே அந்த வாசனைதான். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை ஒருநாள் அதே கம்பெனிச் சட்டையோடு வந்தபோது அவரிடமும் கையை நீட்டிக்கொண்டு போனவள் அவள்.

மெஷின் பக்கத்தில் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். அட்டையில் ஒரு தாள். எண்ணெய் அளவு, கூலண்ட் அளவு, காற்றழுத்தம் என்று வரிசையாக எழுதியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாக டிக் போட வேண்டும். நாங்கள் என்ன செய்வோம் என்றால், ஷிப்ட் ஏறிய முதல் ஐந்து நிமிடத்தில் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து டிக் போட்டுவிடுவோம். சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. தாள் நிறைந்திருந்தால் மனசு லேசாகிவிடும், அவ்வளவுதான். வெளியிலிருந்து சோதனைக்கு வந்த ஒருவர் மாலை ஆறு மணிக்கு என் தாளைக் கையில் எடுத்தார். ராத்திரி பத்து மணிக்கான டிக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தம்பி, நாலு மணி நேரம் முன்னாடி போயி பாத்துட்டு வந்துட்டீங்களா? அங்க எல்லாம் சௌக்கியமா?”

மெஷின் ஷாப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளும் ஷிப்ட் ஏறியதும் எட்டு மணி நேரத்துக்கும் டிக் போட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மனைவி ஜெசிந்தா, கார்களுக்கு ஒயர் கோர்க்கும் இன்னொரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். அவள் கண் அப்படி. ஆயிரம் ஒயர்களில் ஒன்று இடம் மாறிச் சொருகியிருந்தால் அது அவளைக் கூப்பிட்டுச் சொல்லும். அவளுக்கு முதல் ஷிப்ட், விடிவதற்குள் கம்பெனி பஸ். நான் கேட்டு வாங்கியது நிரந்தரமாக இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றரைக்கு எனக்குப் பஸ், இரண்டே முக்காலுக்கு அவள் வந்து இறங்குவாள். நடுவில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் குழந்தை கீழ்வீட்டு ரத்னம்மா அக்காவிடம். மற்றபடி காலையெல்லாம் லீனாவுக்கு நான், மாலையெல்லாம் அவள். விழித்த கண்ணோடு நானும் ஜெசிந்தாவும் ஒருவரையொருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது, ஒரு வாரமாகக் கடிதத்தில் மட்டும் பழகியவர்கள் நேரில் சந்தித்த மாதிரி எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

அந்தக் கால ஓசூரின் விடியற்காலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பனியில் பஸ் விளக்குகள் மஞ்சளாகக் கரைந்து வரும். ஸ்வெட்டருக்கு மேல் அடையாள அட்டை தொங்க, கன்னடத்தில் குட்மார்னிங் வாங்கித் தெலுங்கில் திருப்பிக் கொடுத்து, தமிழில் சீட்டுக்குச் சண்டை போடுகிற கூட்டம். அந்தப் பனிக்குள் அவள் ஏறிப் போவதைப் பாதித் தூக்கத்தில் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

ஊத்தங்கரையில் இருந்த ஜெசிந்தாவின் அண்ணன் ஆரோக்கியத்துக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவேயில்லை. நல்ல மனிதர், மானாவாரியில் கடலை போடுகிறவர், தங்கை மேல் உயிர். லீனாவுக்கு ஒன்றரை வயதானபோது வந்து சொன்னார்.

“புள்ளைய நாங்க கொண்டு போறோம். பள்ளிக்கூடம் சேக்கற வரைக்கும் எங்க வூட்ல இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறதே இல்ல, புள்ளைய யாரு பாக்கறது?”

“நாங்கதான் பாக்கறோம்,” என்றாள் ஜெசிந்தா.

“இல்லன்னா நீ வேலைய வுட்டுடு.”

“உங்க மாப்பிள்ளைய விடச் சொல்லுண்ணே. அவரு வேலையும் வேலதான.”

மாப்பிள்ளை, அதாவது நான், அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

கடைசியில் அவள்தான் ஒரு கெடு வைத்தாள். “ஆறு மாசம் டைம் குடு. எங்களால முடியலன்னா நானே கொண்டாந்து விடறேன்.” சொன்னால் செய்துவிடுவாள். அதனால் அன்றிலிருந்து நான் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

கெடு வைத்தவள் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் கற்றதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டியையும் வைத்து நீல மார்க்கரால் சுற்றிக் கோடு வரைந்தாள். தோசைத்திருப்பிக்கு ஒரு வடிவம், இடுக்கிக்கு ஒன்று, பால்புட்டி கழுவும் பிரஷ்ஷுக்கு ஒன்று. எது இல்லையோ அதன் உருவம் சுவரில் காலியாக நின்று, நான் எங்கே என்று கேட்கும். அவசரத்தில் தேட வேண்டியதே இல்லை. வீட்டுக்காரரான ரத்னம்மா அக்கா மேலே வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். “ஏமம்மா இது, கொலை நடந்த எடத்துல போலீசு கோடு போடற மாதிரி போட்டுருக்கற. சுண்ணாம்பு யாரு அடிக்கறது?” பத்து நாள் கழித்து அவர் வீட்டுச் சமையலறையில் பார்த்தேன். முருங்கைக்காய் வெட்டும் கத்தியைச் சுற்றி, கரிக்கட்டையால், கோடு.

குழந்தைக்கும் ஒரு தாள் வரைந்தாள். பால், சோறு, மருந்து, தூக்கம் என்று வரிசை, மேலே நேரம், கட்டம் கட்டமாக. போகிறவர் வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஆனால் நேரில் பார்க்க முடியாது என்றால் தாள்தானே சொல்ல வேண்டும். அதைச் சுவரில் மாட்டியதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓசூரிலேயே எந்தக் குழந்தைக்கும் இப்படி ஒரு நிர்வாகம் கிடையாது என்று நினைத்தேன்.

தாளில் கட்டங்களைப் பார்த்ததும் என் கைக்குத் தன் வேலை தெரிந்துவிட்டது.

கெடுவின் நான்காவது மாதம் லீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலை ஏறவிட்டால் இந்தக் குழந்தைக்குக் கை கால் வெட்டி இழுப்பு வரலாம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஜெசிந்தா ஒரு வேளை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அடுத்தது பத்து மணிக்கு, என் பொறுப்பு. ஆறரைக்கு எழுந்து, பேனாவை எடுத்து, மதியம் வரைக்குமான கட்டங்களை ஒரே வீச்சில் நிரப்பினேன். பத்து மணிக் கட்டமும் அதில் ஒன்று. குழந்தை அசதியில் தூங்கியது. பக்கத்தில் படுத்த நானும் தூங்கிப்போனேன். விழித்தபோது மணி பதினொன்றரை. பதறி எழுந்து தாளைப் பார்த்தேன். டிக் இருந்தது. அப்பாடா, கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சிரிக்காதீர்கள். என் பொய்யை நம்பிய முதல் ஆள் நான்தான்.

ஒன்றேகாலுக்குக் குழந்தையை ரத்னம்மா அக்காவிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன். இரண்டே முக்காலுக்கு ஜெசிந்தா வந்தாள். குழந்தை உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அவள் உள்ளங்கை ஒன்று சொன்னது, தாள் வேறொன்று சொன்னது. பத்து மணிக்குக் கொடுத்திருக்கிறது, நான்கு மணிக்குமுன் கொடுக்கக் கூடாது. அவள் தாளை நம்பினாள். மூன்றேகாலுக்கு இழுப்பு வந்துவிட்டது.

கம்பெனிக்குப் போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போனபோது, குழந்தை அடங்கிக் கண் மூடியிருந்தாள். ரத்னம்மா அக்கா கால்மாட்டில் நின்று தெலுங்கில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டார், “கடைசியா மருந்து எத்தன மணிக்குக் குடுத்தீங்க?”

“பத்து மணிக்கு சார்,” என்றாள் ஜெசிந்தா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. எனக்காகச் சாட்சி சொல்கிறவளின் குரல்.

கதவருகே நின்றிருந்த நான், “குடுக்கல சார்,” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டையோடு நின்ற என்னை, ஒயர் இடம் மாறிச் சொருகியிருப்பதைக் கண்டுபிடித்தவள் மாதிரி.

குழந்தை மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜெசிந்தா அன்று லீவு போட்டிருந்தாள், நானும். லீனா தூங்கியதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள். “சார், இங்க வாங்க.” சார் என்றால் விஷயம் பெரிது. கம்பெனியில் ஒரு பாகம் கெட்டுப்போனால் யார் என்று கேட்க மாட்டார்கள், ஏன் என்று ஐந்து முறை கேட்பார்கள். ஒவ்வொரு பதிலையும் தோண்டி அடுத்த ஏன். அதை அவள் கரண்டி நிழல்களுக்குக் கீழே உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

“ஒண்ணு. ஏன் குடுக்கல?”

“தூங்கிட்டேன்.”

“ரெண்டு. முழிச்சப்புறம் ஏன் குடுக்கல?”

“டிக் இருந்துச்சு. குடுத்துட்டேன்னு நெனச்சிட்டேன்.”

“மூணு. குடுக்காத மருந்துக்கு டிக் ஏன் இருந்துச்சு?”

“காலைலயே போட்டுட்டேன். எல்லாத்துக்கும்.”

“நாலு. ஏன் போட்டீங்க?”

“கம்பெனியில அப்படித்தான...”

“கம்பெனிய விடுங்க. இங்க ஏன்?”

“நீ வந்து பாக்கறப்ப ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாதுன்னு.”

அவள் குக்கர் மூடியின் காலி உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், “அஞ்சு. காலியா இருந்தா நான் என்ன பண்ணிடுவேன்னு நெனச்சீங்க?”

“பாப்பாவ ஊத்தங்கரைக்கு அனுப்பிடுவ.”

அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளைக் கழற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருப்பேன்.

“உங்க மேலயும் கோவம் இருக்குது, அது தனியா இருக்கட்டும்,” என்றாள். “ஆனா தப்பு தாள்லதான். நடக்கறதுக்கு முன்னாடியே போட முடியற மாதிரி ஒரு தாள வரைஞ்சது நான்.”

எத்தனையோ மேலாளர்களின் கீழ் வேலை பார்த்துவிட்டேன், நண்பர்களே. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக்கூடிய ஒருவரையும் பார்த்ததில்லை.

அன்று மாலையே கடையிலிருந்து ஒரு நீளமான நோட்டு வாங்கி வந்தாள். டிக் கட்டங்களே இல்லை. நேரம், கொடுத்தது என்ன, கடைசியில் அகலமாக ஒரு பத்தி: அப்போது பாப்பா என்ன செய்துகொண்டிருந்தாள். ஓரத்தில் சின்னதாக, சரிபார்த்தவர் கையெழுத்து.

“பத்து மணிக்கு அவ என்ன பண்ணுவான்னு ஆறரைக்கு உங்களால எழுத முடியாது. அவளுக்கே தெரியாது.”

நான் என்னைப் பற்றி உயர்வாகப் பேசக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், முதல் நாளே ஏமாற்றப் பார்த்தேன். ‘10.00. மருந்து கொடுத்தேன். விளையாடினாள்.’ மருந்து உண்மையாகவே கொடுத்தேன், மற்றதை எழுதத்தான் சோம்பல். மறுநாள் காலை பார்த்தால் ‘விளையாடினாள்’ மேல் சிவப்பு வட்டம். பக்கத்தில் அவள் கையெழுத்து: ‘இது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும். ரிஜெக்ட்.’

அதற்கப்புறம் வழியில்லை. பத்து மணிக்கு நான் குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டும்.

‘10.00. மருந்து இரண்டரை மில்லி. முகம் சுளித்தாள். பிறகு காலி ஸ்பூனை எனக்கு ஊட்டினாள்.’

‘10.00. பால் பாதி. இட்லியைக் காதில் வைத்து ஹலோ என்றாள். பதில் வராததால் தின்றுவிட்டாள்.’

‘10.05. ஜன்னல் கம்பியில் எறும்பு வரிசை. ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டினாள். ஒன்றை விட்டுவிட்டதாக நினைத்து மறுபடி போனாள்.’

மாலைப் பக்கங்கள் ஜெசிந்தாவுடையவை. அவள் வரிகள் அவளைப் போலவே இருக்கும், வேண்டாத சொல் ஒன்று இருக்காது. ‘4.00. பால் 150. ஓடினாள். விழுந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் அழுதாள்.’ நடுவிலிருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தை ரத்னம்மா அக்கா எழுதினார். அவருக்குத் தெரிந்தது கன்னட எழுத்து, எங்களுக்கு அது தெரியாது. அதனால் அவர் எழுதி, ஜெசிந்தா வந்ததும் வாசலில் நின்று அவரே படித்துக் காட்டுவார். எழுதாமலே வாயால் சொல்லிவிடலாமே அக்கா என்றால் கோபம் வரும். “எல்லாரும் எழுதறாங்க, நான் மட்டும் சும்மா இருக்கணுமா?”

இப்படி எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் ஞாயிறு. இழுப்பு வந்த சேதி ஊத்தங்கரைக்கு எட்டி, ஆரோக்கியம் மச்சான் வந்து இறங்கினார். ஒரு கையில் வேர்க்கடலை மூட்டை, இன்னொரு கையில் ஜிப் வைத்த ஒரு காலிப் பை. அந்தக் காலிப் பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார்.

“கெடு முடியட்டும்னு இனிமே என்னால இருக்க முடியாது. மாப்ள மேல குத்தம் சொல்லல. ஆனா அன்னிக்கி என்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியணும்.”

ஜெசிந்தா ஒன்றையும் மறைக்கவில்லை. நான் போட்ட டிக், அவள் நம்பிய தாள், எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு நோட்டை எடுத்து அண்ணன் மடியில் வைத்தாள். “இதப் படிச்சிட்டுச் சொல்லு. நீ கூட்டிட்டுப் போறேன்னா துணியெல்லாம் நானே எடுத்து வைக்கறேன்.”

நான் லீனாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் என் நகத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். பின்னால் தாள் திரும்பும் சத்தம் மட்டும். மச்சான் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறவர். எறும்புப் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. ரத்னம்மா அக்காவின் பக்கம் வந்ததும், “இதென்னாது ஜிலேபி?” என்றார். கடைசியில் திரும்பிப் பார்த்தால் நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“எங்க வூட்ல அஞ்சு பேரு இருக்கறோம்,” என்றார். “நேத்து பத்து மணிக்கி எம் பையன் என்னா பண்ணிக்கினு இருந்தான்னு கேட்டா, ஒருத்தருக்கும் தெரியாது.”

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். காலிப் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது என்னைப் பார்த்து, “மாப்ள, அந்தக் கடைசி எறும்புக்கு டாட்டா காட்டிச்சா இல்லியா? அத எழுதலியே,” என்றார். அதை அன்று மாலையே சேர்த்து எழுதினேன். காட்டினாள்.

நான் இன்று நாலு வரி எழுதுகிறேன் என்றால் அந்தச் சிவப்பு வட்டம் எங்கோ இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்ற பயத்தில்தான். எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற வரியாக இருந்தால் கை நின்றுவிடுகிறது.

லீனாவின் ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அப்பன் மாத்திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு வழி கிடைத்திருக்கிறதே, எங்கள் காலத்தில் கீழ்வீட்டுப் போன் ஒன்றுதானே இருந்தது. அவள் அம்மாவின் புத்தி அது. ஆனால் பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுத இடமில்லை. இதை நினைத்துக்கொண்டிருந்தபோதே சமையலறையிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது.

“மாத்திர?”

“டிக் போட்டாச்சு.”

“நான் மாத்திரையக் கேட்டேன்.”

எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன்.

நோட்டுகள் மொத்தம் பதினொன்று சேர்ந்தன. சொந்த வீடு கட்டித் தேன்கனிக்கோட்டை ரோட்டுப் பக்கம் குடிவந்தபோது கம்பெனி முறைப்படியே சாமான்களைப் பிரித்தோம். ஒரு வருடம் கை படாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டு, ஒரு மாதம் யாரும் கேட்காவிட்டால் வெளியே அனுப்பு. அந்தப் பதினொரு நோட்டுக்கும் சீட்டு ஒட்டியது நான்தான். அவள் எங்கோ எடுத்து வைத்திருப்பாள் என்று நானும், நான் எங்கோ எடுத்து வைத்திருப்பேன் என்று அவளும் நினைத்ததில், ஒரு மாதம் யாரும் கேட்கவில்லை. நோட்டுகள் கட்டாகப் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. பழைய வீட்டை அப்புறம் இடித்துவிட்டார்கள். கரண்டி நிழல்கள் இருந்த சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு மொபைல் கடை. ரத்னம்மா அக்கா மகனோடு மாலூர் பக்கம் போய்விட்டார். அவர் எழுதிய ஒன்றேகால் மணி நேரங்களைப் படித்துக் காட்ட இனி ஆளில்லை, படிப்பதற்கும் ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கம் மட்டும் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. லீனா எல்.கே.ஜி. போன முதல் நாள். விட்டுவிட்டு வந்து, பழக்க தோஷத்தில் பத்து மணிக்கு நோட்டை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதினேன்.

‘10.00. பாப்பா இல்லை. எறும்புகள் இருக்கின்றன.’

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு வட்டம் இல்லை. சரிபார்த்தவர் இடத்தில், எப்போதும் போடும் சுருக்கக் கையெழுத்துக்கு முன்னால், அவள் ஒரு சொல் சேர்த்திருந்தாள். ‘பார்த்தேன். ஜெ.’

அந்தப் பக்கமும் கட்டோடு போயிற்று.